உக்கும் பையும் சட்டத்தின் சொற்பொருளும்: ஐக்கிய அமெரிக்காவிற் பசுமை விளம்பர விதிகள் தோன்றிய வரலாறு

சந்தைக்குச் செல்லும் ஒருவர் அரிசியை உள்ளங்கையிலிட்டுத் தேய்த்துப் பார்க்கலாம். மீனின் செவுளை விரித்துப் பார்க்கலாம். துணியை வெளிச்சத்திற் பிடித்து நெசவைச் சோதிக்கலாம். வாங்குமுன் புலப்படாத குறைகளும் பாவித்தபின் வெளிப்பட்டுவிடும். நுரைக்காத சவர்க்காரத்தை எவரும் இரண்டாம் முறை வாங்குவதில்லை. ஆனால் ஒரு பொருள் மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் தீங்கு செய்யாதது என்று அதன் உறையில் எழுதப்பட்டிருக்குமாயின் அக்கூற்றை வாங்குமுன்னும் சோதிக்க இயலாது. பாவித்தபின்னும் சோதிக்க இயலாது. குப்பைத் தொட்டியிலிடப்பட்ட பை எங்கே போகின்றது, அங்கே அதற்கு என்ன நேர்கின்றது என்பதை வீட்டிலுள்ளவர் ஒருபோதும் காண்பதில்லை. அவரிடம் எஞ்சியிருப்பது விற்பவரின் சொல் ஒன்றே. நன்மை செய்யவேண்டும் என்ற எண்ணத்துடன் அதிக விலை கொடுப்பவரே இத்தகைய சொல்லால் மிக எளிதில் ஏமாற்றப்படுபவர் என்பது இவ்விடயத்தின் கசப்பான பகுதியாகும்.

இச்சொல்லைச் சோதிக்கும் பொறுப்பை அரசு எப்போது, எவ்வாறு ஏற்றுக்கொண்டது என்பதை அறிய ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் பெரிதும் உதவும். அங்கும் அது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. ‘உக்கக்கூடியது’ என்னும் ஒற்றைச் சொல்லைப் பின்தொடர்ந்து செல்வோர் அவ்வரலாற்றின் பெரும்பகுதியைக் கண்டுவிடலாம்.

ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு 1914ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு நேர்மையற்ற போட்டி முறைகளைத் தடைசெய்ததேயன்றி வாங்குபவரைப் பற்றி யாதும் பேசவில்லை. வணிகரை வணிகரிடமிருந்து காப்பதே அன்றைய நோக்கமாக இருந்தது. ‘மார்மோலா’ என்னும் உடல் மெலிவிக்கும் மருந்தை விற்ற றலடம் கம்பனிக்கு எதிராக ஆணைக்குழு கட்டளை பிறப்பித்தபோது இவ்வரம்பு வெளிப்பட்டது. விளம்பரம் மக்களை ஏமாற்றியது என்று கொண்டாலும், அதனாற் போட்டி வணிகர் பாதிக்கப்பட்டமை நிறுவப்படாமையால் அக்கட்டளை செல்லாது என்று 1931இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏமாந்தவர் கண்முன்னே நின்றும் சட்டத்தில் அவருக்கு இடமிருக்கவில்லை. 1938ஆம் ஆண்டின் வீலர்–லீ திருத்தமே இக்குறையை நீக்கியது. நேர்மையற்ற அல்லது ஏமாற்றும் செயல்களும் வழக்கங்களும் சட்டவிரோதமானவை என்ற தொடர் 5ஆம் பிரிவிற் சேர்க்கப்பட்டது. பிற்காலத்துப் பசுமை விளம்பர விதிகள் யாவும் இத்தொடரின்மீதே கட்டப்பட்டவை.

அடுத்த படி, நிரூபிக்கும் சுமை எவருடையது என்பது பற்றியதாகும். வெயிலாற் சிவந்த தோலுக்குரிய பூச்சுமருந்து ஒன்றின் விளம்பரம் தொடர்பாக ஃபைசர் கம்பனிமீது எழுந்த வழக்கில், 1972இல் ஆணைக்குழு ஒரு கொள்கையை வகுத்தது. பொருளின் குணத்தைப் பற்றிக் கூறுபவர், கூறுவதற்கு முன்னரே அதற்கு நியாயமான ஆதாரத்தைக் கைவசம் வைத்திருத்தல் வேண்டும் என்பதே அது. அவ்வழக்கிற் கம்பனிமீதான முறைப்பாடு தள்ளப்பட்டதாயினும் கொள்கை நிலைத்துவிட்டது. கூற்று பொய் என்று அரசு நிறுவவேண்டிய நிலை மாறி, மெய்யென்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்கும் நிலை உருவானது.

சுற்றாடல் பற்றிய விளம்பரங்கள் இக்காலத்திலேயே தலைகாட்டத் தொடங்கின. 1970ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் திகதி முதலாவது புவிதினம் கொண்டாடப்பட்டது. அதே ஆண்டில் கலிபோர்ணியாவின் ஸ்ராண்டட் ஒயில் கம்பனி, ‘எஃப்–310’ என்னும் சேர்க்கை கலந்த செவ்ரன் பெற்றோலைப் பெரும் பொருட்செலவில் விளம்பரம் செய்தது. விண்வெளி வீரராகப் புகழ்பெற்றிருந்த ஸ்கொற் கார்ப்பென்ரர் தொலைக்காட்சியிற் தோன்றினார். மோட்டார் வாகனம் ஒன்றின் புகைக்குழாயிற் கட்டப்பட்ட ஒளிபுகும் பை முதலிற் கரும்புகையால் நிறைந்தது. புதிய பெற்றோல் பாவிக்கப்பட்டபின் அதே பை தெளிவாகக் காட்சியளித்தது. கண்டவர் எவரும் மறுக்கமுடியாத சான்று போலவே அது தோன்றியது. ஆனால் முதற்காட்சியில் ஓடிய வாகனம், பொறியில் அழுக்குப் படியும் வண்ணம் விசேடமாகத் தயாரிக்கப்பட்ட எரிபொருளைக் கொண்டு முன்னரே ஓட்டப்பட்டதாகும். அன்றியும் வாகனப் புகையின் கொடிய கூறுகள் பல கண்ணுக்குத் தெரியாதவை. காபனோரொட்சைட்டு நிறமற்றது, தெளிவாகத் தோன்றும் பையினுள்ளும் அது நிறைந்திருக்கலாம். ஆணைக்குழு நடவடிக்கை எடுத்தது. 1978இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் விளம்பரம் ஏமாற்றுந்தன்மையது என்ற முடிவை ஏற்று, கட்டளையின் பரப்பை மட்டும் சுருக்கியது. ஒரு விளம்பரத்தின் பொய்மையை உறுதிசெய்ய எட்டு ஆண்டுகள் சென்றன. அவ்விளம்பரமோ தன் வேலையை முதலாண்டிலேயே முடித்துவிட்டிருந்தது.

1980களிற் குப்பை ஒரு தேசியப் பிரச்சினையாக உருவெடுத்தது. 1987ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நியூயோர்க் மாநிலத்தின் ஐஸ்லிப் பகுதிக் குப்பையை ஏறத்தாழ 3,000 தொன் அளவில் ஏற்றிக்கொண்டு ‘மோப்ரோ 4000’ என்னும் சரக்குத் தெப்பம் புறப்பட்டது. வட கரோலினா அதனை ஏற்க மறுத்தது. தெற்கே மெக்சிக்கோவும் பெலீசும் அதனைத் தம் கரைக்கு வரவிடவில்லை. கரை தேடி அலைந்த தெப்பம் இறுதியிற் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது. குப்பை புரூக்ளினில் எரிக்கப்பட்டு அதன் சாம்பல் ஐஸ்லிப்பிலேயே புதைக்கப்பட்டது. உண்மையில் இது இடமின்மையின் விளைவு என்பதிலும் முன்னேற்பாடின்றிச் செய்யப்பட்ட வியாபாரம் ஒன்றின் தோல்வி என்பதே பொருத்தமாகும். ஆயினும் தொலைக்காட்சியில் நாள்தோறும் அத்தெப்பத்தைக் கண்ட மக்கள், நாட்டிற் குப்பை கொட்ட இடம் முடிந்துவிட்டது என்றே கொண்டனர். தம் வீட்டுக் குப்பைப் பையைப் பற்றி அவர்களுக்கு முதன்முறையாகக் குற்றவுணர்வு தோன்றியது.

அக்குற்றவுணர்வுக்கு விற்பனைப் பெறுமதி உண்டு என்பதைக் கம்பனிகள் விரைவிற் கண்டுகொண்டன. ‘உக்கக்கூடிய’ பிளாஸ்டிக் பைகள் கடைகளுக்கு வந்தன. இவை இருவகைப்பட்டன. சோளமாப் பொருளைப் பிளாஸ்டிக்கிற் கலந்து செய்தவை ஒருவகை. நுண்ணுயிர்கள் மாப்பொருளை உண்டபின் பிளாஸ்டிக் துணிக்கைகளாக எஞ்சும். சூரிய ஒளி பட்டதும் சிதையுமாறு இரசாயனச் சேர்க்கை இடப்பட்டவை மற்றொரு வகை. மோபில் கம்பனி 1989இற் சந்தைக்குக் கொண்டுவந்த ‘ஹெஃப்டி’ குப்பைப் பை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. உக்கும் தன்மை விற்பனைக்குரிய உத்தியேயன்றிக் குப்பைப் பிரச்சினைக்குத் தீர்வன்று என்று அக்கம்பனி அலுவலர் ஒருவரே வெளிப்படையாகக் கூறியிருந்தார் என்பது இவ்வரலாற்றில் ஒரு விசித்திரம். போட்டிக் கம்பனிகள் அச்சொல்லை உறையிற் பொறித்து விற்கும்போது தாம் மட்டும் வாளாவிருத்தல் இயலாது என்பதே அங்கு நிலவிய தர்க்கம்.

இவ்விடத்தில் அரிசோனாப் பல்கலைக்கழகத்துத் தொல்லியலாளர் வில்லியம் றாத்ஜேயின் ஆய்வைக் குறிப்பிடுதல் அவசியமாகின்றது. பழைய நாகரிகங்களின் குப்பை மேடுகளைக் கிளறி வரலாறு காணும் துறையைச் சேர்ந்த அவர், 1973இல் தம் சொந்த நாட்டு மக்களின் குப்பையை ஆராயத் தொடங்கினார். 1987 முதல் குப்பையைக் கொட்டி மண்ணால் மூடும் நிலநிரப்புத் தளங்களை அகழ்ந்தார். பல பத்தாண்டுகளுக்கு முன் புதையுண்ட செய்தித்தாள்கள் வாசிக்கக்கூடிய நிலையில் வெளிவந்தன. இறைச்சித் துண்டுகளும் உணவுப் பண்டங்களும் இன்னதென அடையாளங் காணத்தக்கனவாய் இருந்தன. இதற்குக் காரணம் எளிது. நிலநிரப்புத் தளத்திற் குப்பை இறுக அமுக்கப்பட்டு மண்ணால் மூடப்படுகின்றது. அங்கே ஒளியில்லை, காற்றும் ஈரமும் மிகக் குறைவு. கடதாசியே உக்காத இடத்திற் பிளாஸ்டிக் உக்கும் என்று எதிர்பார்ப்பதெங்ஙனம்? ஒளி பட்டாற் சிதையும் பையை ஒளி புகாத குழியில் இடுவதற்காகவே விற்றனர் என்பதுதான் ஹெஃப்டிப் பையின் கதை.

ஆயினும் அதே வேதியியல் பிறிதோரிடத்தில் மெய்யாகவே பயன்பட்டது. குளிர்பானத் தகரங்கள் ஆறினை ஒன்றாகப் பிணைக்கும் பிளாஸ்டிக் வளையங்கள் கடற்கரைகளில் வீசப்பட்டுக் கடற்பறவைகளின் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. அவ்வளையங்கள் சிதையுந்தன்மையுடையனவாய் இருத்தல் வேண்டும் என்று அமெரிக்கக் கொங்கிரஸ் 1988இற் சட்டம் இயற்றியது. வளையம் வெயிலிற் கிடப்பது. ஆகவே அச்சட்டம் பொருளுடையது. பை மண்ணுக்குள் கிடப்பது. ஆகவே அதே சொல் அங்கே பொருளற்றது. இரண்டும் ஒரே சொல்லாற் சுட்டப்பட்டன. ஆய்வுகூடத்திற் பொருளுக்குள்ள இயல்பைச் சொல் குறிக்கின்றதா, பொருள் சென்றடையும் இடத்தில் அதற்கு நேர்வதைக் குறிக்கின்றதா என்ற வினா இவ்வாறு எழுந்தது. பின்வந்த விதிகள் யாவும் இவ்வினாவைச் சுற்றியே அமைந்தன.

வினாவை முதலில் எழுப்பியோர் சமஷ்டி அரசினர் அல்லர். ஜனாதிபதி றேகனின் காலத்தில் வர்த்தக ஆணைக்குழுவின் செயற்பாடு பெரிதும் சுருங்கியிருந்தது. அவ்வெற்றிடத்தை நிரப்பியோர் மாநிலங்களின் சட்டமா அதிபர்கள் ஆவர். மினசோட்டாவின் சட்டமா அதிபரான மூன்றாம் ஹியூபேர்ட் ஹம்ஃபிரி இம்முயற்சியில் முன்னின்றார். 1990 மார்ச் மாதத்தில் அம்மாநிலத்தின் தலைநகரான சென்ற் போலில் பகிரங்க விசாரணை நடைபெற்றது. அதே மாதத்தில் மோபில் கம்பனி ‘உக்கக்கூடியது’ என்ற சொல்லைத் தன் உறைகளிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. எனினும் ஜூன் மாதத்தில் ஏழு மாநிலங்கள் அக்கம்பனிமீது வழக்குத் தொடுத்தன. வழக்குகள் பெரும்பாலும் இணக்கமாகவே தீர்ந்தன. 1990 நவம்பரிற் சட்டமா அதிபர்கள் வெளியிட்ட ‘பசுமை அறிக்கை’ அவ்வழக்குகளினும் நீண்ட பயன் தந்தது. கூற்றுக்கள் குறிப்பானவையாக இருத்தல் வேண்டும் என்றும், ஆதாரத்தால் தாங்கப்படல் வேண்டும் என்றும் அது விதந்துரைத்தது. அத்துடன் குப்பை அன்று நடைமுறையில் எவ்வாறு அகற்றப்பட்டதோ அதனையே கூற்றுக்கள் பிரதிபலித்தல் வேண்டும் என்றும் கூறியது. இம்மூன்றாவது விதப்புரையே புதியது.

இதற்கிடையிற் கலிபோர்ணியா 1990இல் தனிச்சட்டம் ஒன்றை இயற்றி, ‘உயிரியல் ரீதியில் உக்கக்கூடியது’, ‘மீள்சுழற்சிக்குரியது’, ‘ஓசோனுக்கு நட்பானது’ ஆகிய சொற்களுக்குச் சட்டத்திலேயே வரைவிலக்கணம் கொடுத்தது. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் ஒவ்வொரு கவுண்டியிலும் வசதியாக மீள்சுழற்சி செய்யக்கூடியதாயிருந்தாலன்றி ஒரு பொருளை மீள்சுழற்சிக்குரியது என்று அங்கு சொல்லமுடியாதிருந்தது. விளம்பரதாரர் சங்கம் இதனைப் பேச்சுச் சுதந்திரத்துக்கு முரணானது என்று நீதிமன்றத்தில் எதிர்த்தது. 1994இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்தது. ஆயினும் மறு ஆண்டிலேயே கலிபோர்ணியா தன் வரைவிலக்கணங்களைக் கைவிட்டுச் சமஷ்டி வழிகாட்டிகளைப் பின்பற்றியது. நீதிமன்றத்தில் வென்ற சட்டம் சட்டசபையிற் தோற்றது.

அச்சமஷ்டி வழிகாட்டிகளைக் கோரியோர் யாவர் என்பது கவனத்துக்குரியது. உணவு பதனிடுவோர் சங்கம் முதலான வர்த்தக அமைப்புக்களே 1991இல் ஆணைக்குழுவுக்கு மனுச் செய்தன. ஒழுங்குவிதிகளை வழமையாக எதிர்ப்போர் ஒழுங்குவிதி கேட்டு நின்றமை வியப்பன்று. ஒரே உறையை ஐம்பது மாநிலங்களில் விற்பவருக்கு ஐம்பது வரைவிலக்கணங்களைவிட ஒன்று மேலானது. கலிபோர்ணியாவினுடையதிலும் தளர்ந்ததாயின் இன்னும் மேலானது. அன்றியும் மெய்யாகவே தீங்கு குறைந்த பொருளை உருவாக்கச் செலவிட்ட உற்பத்தியாளர், வெறுஞ்சொல்லைப் பொறித்தவரால் விலையிற் தோற்கடிக்கப்பட்டனர். இவர்களின் முறைப்பாட்டில் நியாயம் இருந்தது. 1991 ஜூலையிற் பகிரங்க விசாரணை நடத்திய ஆணைக்குழு, 1992 ஜூலை 28ஆம் திகதி ‘பசுமை வழிகாட்டிகள்’ எனப் பெயர்பெற்ற ஆவணத்தை வெளியிட்டது.

உக்கக்கூடியது என்று வரையறையின்றிக் கூறுவதாயின், வழக்கமான முறையில் அகற்றப்பட்டபின் முழுப்பொருளும் நியாயமான குறுகிய காலத்துள் முற்றாகச் சிதைந்து இயற்கையிற் காணப்படும் கூறுகளாக மாறும் என்பதற்குத் தகுந்த விஞ்ஞானச் சான்று வேண்டும் என்று வழிகாட்டிகள் கூறின. ‘வழக்கமான முறையில் அகற்றப்பட்டபின்’ என்ற தொடரிலேயே 1990ஆம் ஆண்டின் வாதம் முழுவதும் அடங்கியுள்ளது. வரைவிலக்கணங்களைவிட எடுத்துக்காட்டுக்களாற் கற்பிப்பது இவ்வாவணத்தின் முறையாகும். ‘மீள்சுழற்சிக்குரியது’ என்று பொறிக்கப்பட்ட குப்பைப் பை அவற்றுள் ஒன்று. அப்பை செய்யப்பட்ட பிளாஸ்டிக்கை மீள்சுழற்சி செய்ய இயலும் என்பது மெய்யே. ஆனால் குப்பையை நிரப்பிக் கட்டிய பையைக் குப்பையிலிருந்து எவரும் வேறாக்கி எடுப்பதில்லை. ஆகவே கூற்று ஏமாற்றுவதாகும். சொல்லளவில் மெய்யாயிருப்பது போதாது என்பதை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது. ‘குளோரோபுளோரோகாபன் அற்றது’ என்று பெருமை பேசிய தெளிகலன்களும் இவ்வகையினவே. பெரும்பாலான தெளிகலன்களில் அவ்வாயு 1978 முதல் சட்டத்தாலேயே தடைசெய்யப்பட்டிருந்தது.

எனினும் வழிகாட்டிகள் சட்டமல்ல. அவை 5ஆம் பிரிவுக்கு ஆணைக்குழு தரும் விளக்கம் மாத்திரமே. மீறியவரைத் தண்டிக்கவேண்டுமாயின் ஒவ்வொரு வழக்கிலும் ஏமாற்று நிகழ்ந்தமையைப் புதிதாக நிறுவவேண்டும். முதல் மீறலுக்குப் பெரும்பாலும் இணக்கக் கட்டளையே கிடைக்கும். மோபில் கம்பனியுடனான சமஷ்டி இணக்கமும் அத்தகையதே. அக்கட்டளையையும் மீறினால் மட்டுமே தண்டப்பணம் விதிக்கப்படும். கடதாசித் தட்டுக்களை உக்கக்கூடியவை என்று விற்ற ஏஜேஎம் கம்பனி 1994இற் கட்டளைக்குட்பட்டு, மீண்டும் அவ்வாறு செய்தமைக்காக 2013இல் 4,50,000 டொலர் செலுத்த இணங்கியது. இடையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன. ஆணைக்குழுவின் அக்கறையும் ஆட்சிக்கு ஆட்சி ஏறியிறங்கி வந்துள்ளது.

வழிகாட்டிகள் 1996, 1998, 2012 ஆகிய ஆண்டுகளிற் திருத்தப்பட்டன. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்காக ஆணைக்குழு வாங்குவோரின் எண்ணத்தை அளவிட்டது. ‘பசுமையானது’, ‘சுற்றாடலுக்கு நட்பானது’ என்ற பொதுச் சொற்களைக் கண்டோருள் 61 சதவீதத்தினர் அப்பொருள் மீள்சுழற்சி செய்த மூலப்பொருளாலானது என்று எண்ணினர். 27 சதவீதத்தினர் அதனாற் சுற்றாடலுக்கு எவ்விதத் தீங்கும் இல்லை என்றே நம்பினர். விற்பவர் எதனையும் குறிப்பாகச் சொல்லாமலே இத்தனையும் சொல்லிவிட்டார். ஆகவே இத்தகைய பொதுச்சொற்களை வரையறையின்றிப் பாவித்தலாகாது என்று விதிக்கப்பட்டது. ‘நியாயமான குறுகிய காலம்’ என்பதற்கும் ஓராண்டு என எல்லை குறிக்கப்பட்டது. நிலநிரப்புத் தளத்தை அடையும் பொருளுக்கு உக்கக்கூடியது என்ற சொல்லை வரையறையின்றி இடுதல் தகாது என்பதும் உறுதியாயிற்று.

பழைய சொல் அத்துடன் ஓயவில்லை. பிளாஸ்டிக்கிற் கலந்தால் நிலநிரப்புத் தளத்திலும் அதனை உக்கச்செய்யும் என்று கூறிச் சேர்க்கையொன்றை விற்ற ஈசிஎம் பயோஃபில்ம்ஸ் கம்பனிமீது 2013இல் முறைப்பாடு எழுந்தது. வழக்கிற் பெரிதும் விவாதிக்கப்பட்டது வேதியியல் மட்டுமன்று. அச்சொல்லைக் கேட்கும் சாதாரண மனிதர் எத்தனை ஆண்டை நினைக்கின்றார் என்பதுமாகும். இரு தரப்பினரும் கருத்துக்கணிப்புக்களைக் கொண்டுவந்தனர். ஐந்தாண்டுக்குள் முற்றாகச் சிதையும் என்ற பொருளையே நியாயமான நுகர்வோரிற் கணிசமானோர் கொள்வர் என்று ஆணைக்குழு 2015இல் முடிவுசெய்தது. கருத்துக்கணிப்புக்களின் தரத்தைக் குறித்து ஆணையாளர் ஒருவர் மாறுபட்டார். 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆணைக்குழுவின் முடிவை உறுதிசெய்தது. ஒரு சொல்லின் பொருளை அகராதியும் வேதியியலும் விட்டுவைத்த இடத்தில் வீதியிற் செல்வோரைக் கேட்டு நீதிமன்றம் நிர்ணயித்த நிகழ்ச்சி இது.

இன்று வாதம் ‘மீள்சுழற்சிக்குரியது’ என்ற சொல்லுக்கு இடம்மாறியுள்ளது. ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகளாலான குறியை, கொள்கலன் கம்பனியொன்று நடத்திய போட்டிக்காக 1970இல் காரி அண்டர்சன் என்ற மாணவர் வரைந்தார். 1988இற் பிளாஸ்டிக் உற்பத்தியாளர் சங்கம், பிளாஸ்டிக்கின் வகையைக் குறிக்கும் எண்களை அத்தகைய அம்புகளுக்குள் இட்டது. எண் வகையையே குறித்தது. அம்புகளோ வாங்குவோரிடம் வேறொன்றைப் பேசின. நுகர்வோரில் அல்லது சமூகங்களில் குறைந்தது 60 சதவீதத்துக்கு மீள்சுழற்சி வசதி கிடைக்குமாயின் அச்சொல்லை வரையறையின்றிப் பாவிக்கலாம் என்று 2012ஆம் ஆண்டு வழிகாட்டிகள் கூறின. ஆனால் வசதி கிடைப்பது ஒன்று; பொருள் உண்மையில் மீள்சுழற்சியாவது மற்றொன்று. சீனா 2018இற் பிறநாட்டுக் கழிவுப் பிளாஸ்டிக்கை ஏற்பதை நிறுத்தியபோது, அமெரிக்க வீடுகளிற் கவனமாகத் தரம்பிரித்து வைக்கப்பட்ட பொருள்களிற் பல நிலநிரப்புத் தளத்துக்கே சென்றன. கலிபோர்ணியா 2021இல் மீண்டும் தனிவழி சென்று, சேகரிக்கப்படுவது மட்டுமன்றித் தரம்பிரிக்கப்பட்டு மறுபயனுக்கு அனுப்பப்படும் பொருள்களுக்கே அம்புக்குறி உரியது என்று சட்டமியற்றியது.

2022 டிசம்பரில் ஆணைக்குழு வழிகாட்டிகளின் மறுபரிசீலனைக்காகப் பொதுமக்களின் கருத்தைக் கோரியது. மீள்சுழற்சிக்கெனச் சேகரிக்கப்பட்டும் இறுதியில் மீள்சுழற்சியாகாத பொருளை எவ்வாறு அழைப்பது என்பது அதில் எழுப்பப்பட்ட வினாக்களுள் ஒன்று. 2023 ஏப்ரலிற் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் அனுப்பிய பதிலில், அம்புகளாற் சூழப்பட்ட எண்கள் வாங்குவோரைத் தவறாக வழிநடத்துகின்றன என்று கூறப்பட்டிருந்தது.